செங்கோடன் வாங்கிப்போன அரமும் வடக்கிலிருந்து வந்த ஆந்தையும்

முதலில் கெடுதல் செய்தவன் செங்கோடன்தான். கதை கேட்க உட்கார்ந்திருக்கிறவர்கள் இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ராஜா வருவார், அமைச்சர் வருவார், முகமெல்லாம் கண்ணாக ஒரு பறவை வரும். அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே யார் முதலில் செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ராஜாக்கள் தாங்களே நடந்து வந்து வழக்குக் கேட்ட காலம் அது. ஆழித்துறை என்று ஒரு கடற்கரைப் பட்டணம். வளவராயன் என்று அதற்கு ஒரு ராஜா. அந்தப் பட்டணத்தில் மரம் அறுத்துப் பிழைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஒண்டியப்பன். இன்னொருவன் செங்கோடன், ஒண்டியப்பனின் தங்கை பூவாயியைக் கட்டியவன்.

அந்தக் காலத்தில் மரம் அறுப்பது எப்படி என்றால், ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டுவார்கள். குழியின் குறுக்கே பெரிய தடிமரத்தைப் படுக்கவைப்பார்கள். ஒருவன் மரத்தின் மேல் ஏறி நிற்பான். ஒருவன் குழிக்குள் இறங்கி நிற்பான். நடுவில் ஆளைவிட நீளமான ரம்பம், மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. மேலே இருப்பவன் தூக்குவான், கீழே இருப்பவன் இழுப்பான். மரம் அறுபடுவது கீழே இழுக்கும்போதுதான். ஆகவே பாரம் கீழே இருப்பவனுக்கு, காற்று மேலே இருப்பவனுக்கு, மரத்தூள் மறுபடியும் கீழே இருப்பவனுக்கு.

பூவாயிக்குக் கல்யாணமான வாரம், புது மாப்பிள்ளையைக் குழிக்குள் இறக்கினால் மரியாதையாக இருக்காது என்று ஒண்டியப்பனே செங்கோடனை மேலே ஏற்றிவிட்டான். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் மாறி மாறி நிற்கலாம் என்று நினைத்தான். முப்பது வருஷம் போயிற்று. மாப்பிள்ளை இறங்கவில்லை. தங்கை புருஷனை இறங்கு என்று யார் சொல்வது? முப்பது வருஷத்துத் தூளும் ஒண்டியப்பன் தலையில்தான் விழுந்தது. செங்கோடன் ஓயாமல் வெற்றிலை போடுகிறவன் வேறு. அதனால் விழுந்தது தூள் மட்டும்தான் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் குழியில் நிற்பவனுக்கும் ஒரு பெருமை உண்டு. ரம்பத்தின் பல்லைக் கூராக்கும் அரம் அவனிடம்தான் இருக்கும். அது தொழிலின் முறை. பல் மழுங்கியதா இல்லையா என்று கீழே இழுக்கிறவனுக்குத்தான் தெரியும். மழுங்கியது என்று தோன்றினால் அவன் "அரம்" என்று ஒரு சொல் சொல்வான். உடனே ரம்பம் நிற்க வேண்டும். மேலே இருப்பவன் எவ்வளவு பெரிய மாப்பிள்ளையாக இருந்தாலும் கை எடுத்துவிட்டு உட்கார வேண்டும். கீழே இருப்பவன் மெதுவாக மேலே வந்து, தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, பல் பல்லாக அராவி முடிக்கும்வரை வேலை கிடையாது.

சில நாள் பல் மழுங்காதபோதும் ஒண்டியப்பன் "அரம்" என்று சொல்வான். அதை யாரும் கேட்க முடியாது.

அது அவன் அப்பா கொடுத்த அரம். மூன்று பட்டை வைத்தது. எந்தத் தேசத்துக் கப்பலிலோ வந்தது. உள்ளூர்க் கொல்லன் அதைப்போல் செய்ய மூன்று முறை முயன்று மூன்று முறையும் ஆணி செய்துவிட்டான். மூன்று இழுப்பு இழுத்து, ஒருமுறை ஊதி, மறுபடி மூன்று இழுப்பு இழுக்க வேண்டும் என்று அப்பா பழக்கியிருந்தார். ஒண்டியப்பன் ஒருநாளும் நான்காவது இழுப்பு இழுத்ததில்லை.

இப்போது கெடுதலுக்கு வருகிறேன்.

ஒரு கார்த்திகை மாதம், பாக்குவெட்டி மொண்ணையாகிவிட்டது என்று சொல்லிச் செங்கோடன் அந்த அரத்தை வாங்கிப்போனான். ஒரு நாழிகையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். பாக்குவெட்டிக்கு ஒரு நாழிகை அதிகம்தான் என்று நினைத்தபடி ஒண்டியப்பன் கொடுத்தான்.

மறுநாள் கேட்டான். "கொடுக்கிறேன் மச்சான், அது எங்கே ஓடிப்போகுது" என்றான் செங்கோடன்.

மறுவாரம் கேட்டான். "கொடுத்துட்டேன்போல இருக்கே மச்சான்" என்றான்.

மறுமாதம் கேட்டான். செங்கோடன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "எந்த அரம் மச்சான்?" என்றான்.

எதற்காக அதை வைத்துக்கொண்டான் என்று கேட்பீர்கள். அவனுக்கு அரம் வேண்டாம். "அரம்" என்ற அந்தச் சொல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அரம் இல்லாதவன் எப்படி "அரம்" என்று சொல்வான்? அன்றுமுதல் காலையில் பிடித்த ரம்பம் பொழுதுசாயும்வரை நிற்கவில்லை. ஒண்டியப்பன் கல்லில் தேய்த்துப் பார்த்தான், ஓட்டில் தேய்த்துப் பார்த்தான், கொல்லன் செய்த ஆணியில் தேய்த்துப் பார்த்தான். பல் இன்னும் மழுங்கியது. தோள்பட்டை வீங்கியது. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேச வேண்டியதை ரம்பத்திடம் சொன்னார்கள். "ஏ ரம்பமே, கொஞ்சம் இடப்பக்கம் சாய்" என்று மேலிருந்து ஒரு குரல் வரும். "ஏ ரம்பமே, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காத கை நடுங்குது பார்" என்று குழிக்குள்ளிருந்து பதில் வரும்.

அந்த மார்கழியில் ராஜாவின் நெற்களஞ்சியத்துக்குப் பன்னிரண்டு கதவு செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதற்காக வடதேசத்துப் பனிமலையிலிருந்து தேவதாரு மரம் கப்பலில் வந்து இறங்கியது. ராஜா வளவராயனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளித்தேசத்திலிருந்து எது வந்து இறங்கினாலும், அது கண்ணில் பட்ட அன்றே பொழுதுசாய்வதற்குள் அதற்குத் தமிழில் ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். பெயர் அமையாத பொருள் மறுநாள் கப்பலில் திரும்பிவிடும். நல்ல காய்கறிகள் சில அப்படித் திரும்பிப் போயிருக்கின்றன. அமைச்சருக்குப் பாதி உத்தியோகம் பெயர் யோசிப்பதுதான்.

தடிமரங்களைச் செங்கோடன் வீட்டுக் கொல்லையில், பூவரச மரத்தின் அருகே அடுக்கினார்கள். அறுப்புக்குழி அங்கேதான் இருந்தது. ஒண்டியப்பன் வீடு அடுத்த வீடு. நடுவில் ஒரு மண்சுவர். அடுக்கில் ஒரு மரம் மட்டும் பொந்து விழுந்தது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக உருட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம். ஒண்டியப்பன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். விளக்கு ஏற்றும் நேரம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சிரீக், சிரீக், சிரீக்.

கொஞ்சம் இடைவெளி.

சிரீக், சிரீக், சிரீக்.

ஒண்டியப்பன் கை அப்படியே நின்றது. மூன்று இழுப்பு, ஒரு ஊதல், மூன்று இழுப்பு. பெற்ற பிள்ளையின் அழுகையை ஊர்ப் பிள்ளைகளின் அழுகைக்கு நடுவில் தாய் கண்டுகொள்வதில்லையா, அப்படி அவன் கண்டுகொண்டான். அரம். தன் அரம். வெளியே தெரியாமல் வைத்திருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்து அராவுகிறான் திருடன்.

இரண்டாம் நாள் அதே நேரம் அதே சத்தம். ஒண்டியப்பன் சுவரில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். காதெல்லாம் மண். சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது சத்தம் நின்றுவிட்டது. கொல்லையில் செங்கோடன் மட்டும் நின்றிருந்தான். கையில் ஒன்றும் இல்லை. பூவரச மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சானைக் கண்டதும் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினான்.

"என்ன சத்தம் அது, மாப்பிள்ளை?"

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றான் செங்கோடன். அவன் வாயில் அன்று வெற்றிலை இல்லை. முப்பது வருஷத்தில் ஒண்டியப்பன் அவனை வெற்றிலை இல்லாமல் பார்த்தது அதுதான் முதல்முறை. அதைக் கவனித்தான். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அங்கேதான் அவன் தப்பு ஆரம்பித்தது. ஆனாலும் முதல் தப்பு யாருடையது என்பதை மறக்க வேண்டாம்.

அன்று பூவாயி அண்ணன் வீட்டுக்குக் கூழ் கொண்டுவந்தாள். அவரை இரண்டு மூன்று நாளாகப் பார்த்தால் ஒருமாதிரி இருக்கிறது, சோறு இறங்கவில்லை, சாயங்காலமானால் பூவரச மரத்தடியில் போய் நின்றுகொண்டு உள்ளங்கையைத் தேய்க்கிறார் என்று சொன்னாள்.

"இன்னும் மூணு நாள் பொறு அண்ணே. அவரே வந்து வாயைத் திறப்பாரு. எனக்கு அவரைத் தெரியும்."

"உனக்கு அவரைத் தெரியும், எனக்கு என் அரத்தைத் தெரியும்" என்றான் ஒண்டியப்பன். மறுநாள் காலையில் அரண்மனை வாசலில் நின்றான்.

ஆழித்துறையில் கருவி வழக்குக்குக் காதுதான் சாட்சி. கருவியை எவனும் கைமாற்றலாம், பிடி மாற்றலாம், சாயம் பூசலாம். ஓசையை மாற்ற முடியாது. ஆகவே, இது என்னுடையது என்கிறவன் ஓசையைக் கேட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். சரியாகச் சொன்னால் பொருள் அவனுக்கு. இதற்குமுன் ஒரு தட்டான் மூன்று சுத்தியல்களின் ஓசையில் தன்னுடையதைக் கண்டுபிடித்து வாங்கிப்போயிருக்கிறான். ஆனால் காது தவறிவிட்டால், அந்தப் பொருளை அவன் தன் வாயால் பிறகு ஒருநாளும் கேட்கக் கூடாது. பொய் வழக்கு பெருகாமல் இருக்க அப்படி ஒரு சட்டம்.

அமைச்சர் அவனுக்கு நல்லது சொன்னார். அரத்தைச் செங்கோடன் வாங்கியது உனக்குத் தெரியும், திருப்பித் தராததும் தெரியும், அதை மட்டும் சொல், நாங்கள் விசாரிக்கிறோம் என்றார். அதற்கு நாள் ஆகுமே என்றான் ஒண்டியப்பன். ஓசைச் சத்தியம் செய்தால் இன்றைக்கே முடியுமல்லவா என்று கேட்டான். முடியும் என்றார் அமைச்சர். எப்படி முடியும் என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

"மூன்று நாள் மூன்று சாயங்காலம் கேட்டேன், மகாராஜா. செங்கோடன் கொல்லையில் கேட்கிற சத்தம் என் அரத்தின் சத்தம். இது சத்தியம்" என்றான்.

ராஜாவுக்கு அன்று வேறு வேலை இல்லை. சாயங்காலம் தானே வருவதாகச் சொல்லிவிட்டார்.

பொழுது சாயும் முன்பே கொல்லை நிறைந்துவிட்டது. ராஜா பெரிய தடிமரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அமைச்சர் நின்றார். சோதிடர் ஒருவர், அழைக்காமலே வந்து, ராஜாவுக்கு வலப்புறம் இடம் பிடித்துக்கொண்டார். ஊர் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தது. செங்கோடன் பூவரச மரத்தில் சாய்ந்து நின்றான். அவன் முகம் வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது.

சிரீக், சிரீக், சிரீக்.

ஊரே செங்கோடனின் கையைப் பார்த்தது. கை வெறுங்கை. அவன் மனைவியின் கையைப் பார்த்தது. அவள் கையில் கூழ்ச்சட்டி.

சிரீக், சிரீக், சிரீக்.

செங்கோடன் அப்படியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய விரல்கள் வேரோரத்து மண்ணைப் பிறாண்டின. இரண்டு பிடி மண் வெளியே வந்துவிட்டது. வாய் திறந்தது.

"மகாராஜா, நான் ஒண்ணு சொல்லிடுறேன். யாரும் தொடாமலே அது மண்ணுக்குள்ள..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை" என்றான் ஒண்டியப்பன். முப்பது வருஷம் குழிக்குள்ளிருந்து மேலே பார்த்துப் பேசியவனுக்கு அன்றுதான் கீழே பார்த்துப் பேசுகிற வாய்ப்பு. அதை அவன் விடுவதாக இல்லை. "அரமே பேசும்போது நீங்க எதுக்கு? எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு நானே காட்டுறேன்."

பூவாயி அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டான். நேராகப் போனான். சத்தம் வந்த பக்கம் ஓரமாகக் கிடந்த பொந்து மரம். தோள்வரை கையை உள்ளே விட்டான். அவன் முகத்தில் வெற்றி தெரிந்தது. அப்புறம் சந்தேகம் தெரிந்தது. அப்புறம் வலி தெரிந்தது. கையை வெளியே இழுத்தான்.

விரலைக் கவ்விக்கொண்டு ஒரு பறவை வந்தது.

அப்படி ஒரு பறவையை ஆழித்துறையில் யாரும் பார்த்ததில்லை. அளவு, உரித்த தேங்காய். பாதி உடம்பு தலை. கழுத்து என்று ஒன்று இல்லை. முகம் பூனை முகம், ஆனால் காது இல்லாத பூனை. இரண்டு மஞ்சள் கண்கள், விளக்குக்குத் திரி போட்டதுபோல். புருவம் வெள்ளை. முதுகெல்லாம் பழுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. மார்பெல்லாம் வெள்ளை, அதில் பழுப்புக் கோடு. மொத்தத்தில் அறுப்புக்குழியில் முப்பது வருஷம் நின்றுவிட்டு, தலையைத் துடைக்காமல் மேலே வந்த ஆள்போல் இருந்தது.

அது ராஜாவைப் பார்த்தது. அமைச்சரைப் பார்த்தது. கடைசியில் ஒண்டியப்பனைப் பார்த்து, விரலை விட்டுவிட்டு, சிரீக், சிரீக், சிரீக் என்றது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் சொன்னது.

வடதேசத்துப் பனிக்குப் பயந்து மரப்பொந்தில் படுத்திருக்கிறது. மரத்தை வெட்டியவன் அதையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றிவிட்டான். இவ்வளவுதான் விஷயம்.

ஊர் சுவரிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு பேர் நிஜமாகவே விழுந்தார்கள். ஒண்டியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் செங்கோடனைப் பார்த்தான்.

செங்கோடன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். திறந்த வாய் மூடிவிட்டது. வேரோரத்து மண்ணை ஒரு காலால், யாருக்கும் தெரியாத மாதிரி, மெதுவாகத் தள்ளிச் சமன் செய்துகொண்டிருந்தான். பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் ஒண்டியப்பனுக்குப் புரிந்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம் தான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அரம் அந்த மண்ணுக்குள்ளிருந்து தன் கைக்கு வந்திருக்கும்.

"ஏதோ சொல்ல வந்தாயே, என்னப்பா அது?" என்று ராஜா செங்கோடனைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லை மகாராஜா. மச்சானுக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம்னு சொல்ல வந்தேன். வயசாயிடுச்சு, காது கேக்கலை" என்றான் செங்கோடன்.

தீர்ப்புச் சொல்ல ராஜாவுக்கு நேரம் ஆகவில்லை. ஒண்டியப்பனின் காது தவறிவிட்டது. சட்டப்படி அவன் அந்த அரத்தைத் தன் வாயால் இனி ஒருநாளும் கேட்கக் கூடாது. மண்ணைத் தோண்டிப் பாருங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரை வந்தது. அதுவும் கேட்பதுதானே? விழுங்கிக்கொண்டான்.

இனி வழக்கு முடிந்தது, பெயர் பாக்கி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பறவைக்குப் பெயர் அமையாவிட்டால் நாளைக்குக் கப்பல்.

அமைச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வடதிசைப் பனிவரைச் சிறுவடிவப் பெருமுகப் புள் என்றார். ராஜா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கியது. வேண்டாம் என்றார்.

சோதிடர், ஆந்தை என்றாலே ஆகாது, இதற்கு அபசகுனப்பட்சி என்று பெயர் வைத்து உடனே துரத்திவிடலாம் என்றார். பறவை தலையை மட்டும் முழுக்கப் பின்பக்கம் திருப்பி அவரைப் பார்த்தது. சோதிடர் இடத்தை மாற்றிக்கொண்டு அமைச்சருக்குப் பின்னால் போய் நின்றார். அதுவும் வேண்டாம் என்றார் ராஜா.

மூன்றாவதாகப் பூவாயி பேசினாள். அவளை யாரும் கேட்கவில்லை. கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அது ஆந்தை. அரம் போடுற மாதிரி கத்துது. அரத்தாந்தைன்னு வெச்சுட்டுப் போங்களேன், கூழ் ஆறுது" என்றாள்.

ராஜா சொல்லிப் பார்த்தார். அரத்தாந்தை. மூச்சு வாங்கவில்லை. நன்றாக இருக்கிறதே என்றார். அமைச்சர் ஓலையை எடுத்தார்.

ராஜா ஒண்டியப்பன் பக்கம் திரும்பினார். விரலில் ரத்தத்தோடு, அந்தப் பறவையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தான். ஊரே சிரித்த மனிதனைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. வழக்கில் தோற்றாய், ஆனால் பறவையைக் கண்டெடுத்தவன் நீ, ஏதாவது கேள் என்றார். அரத்தைத் தவிர, என்று சேர்த்துச் சொன்னார்.

ஒண்டியப்பன் பறவையைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது. இரண்டு பேர் தலையிலும் புள்ளி புள்ளியாக வெள்ளை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. எது யாரோடதுன்னு பெயரிலேயே தெரியட்டும். ஒண்டியப்பன் அரத்தாந்தைன்னு எழுதச் சொல்லுங்க. ஓலையில ஒரு சொல் கூடும், அவ்வளவுதான்."

கண்டெடுத்தவன் பெயரை முன்னால் வைப்பது எங்கும் உள்ளதுதான் என்றார் ராஜா. அமைச்சர் எழுதினார். செங்கோடன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான்.

மறுநாள் விடியற்காலம் ஒண்டியப்பன் முதல் ஆளாக வேலைக்கு வந்து பூவரச மரத்தடியைப் பார்த்தான். அங்கே ஒரு முழ ஆழத்தில் குழி இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. அரம் இடம் மாறிவிட்டது. அவன் எதையும் கேட்கவில்லை. அறுப்புக்குழிக்குள் இறங்கி, கீழ்ப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆனால் பறவையை யார் தடுப்பது? அது பொந்து மரத்தை விட்டு எழுந்து, செங்கோடன் வீட்டுப் பூவரச மரத்திலேயே குடியேறிவிட்டது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, சிரீக், சிரீக், சிரீக் என்றது. தெருவில் போகிறவர்கள் நின்று, "ஒண்டியப்பன் அரம் கூப்பிடுது" என்றார்கள். ஆந்தை என்ற பின்பாதியைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. மீன் விற்பவள் சொன்னாள், உப்பு வண்டிக்காரன் சொன்னான், பல் விழுந்த குழந்தைகள் சொன்னார்கள். செங்கோடன் சோற்றில் கை வைப்பான், ஒண்டியப்பன் அரம் கூப்பிடும். படுக்கப் பாயை உதறுவான், ஒண்டியப்பன் அரம் கூப்பிடும்.

அறுப்புக்குழியிலும் அப்படித்தான். பொழுது சாய்ந்தும் வேலை நீண்ட நாளில், பறவை கத்தியதும் ஒண்டியப்பன் பிடியை விட்டுவிடுவான். "மாப்பிள்ளை, ஒண்டியப்பன் அரம் கூப்பிடுது" என்று மெதுவாகச் சொல்வான். செங்கோடன் அமைச்சரிடம் போய், மச்சான் சட்டத்தை மீறி அரத்தைக் கேட்கிறார் என்று முறையிட்டான். அமைச்சர் ஓலையை எடுத்துப் பார்த்தார். பறவையின் பெயரைச் சொல்வது குற்றம் இல்லையே என்றார். பிறகு, எந்த அரம், உன்னிடம்தான் ஒன்றும் இல்லையே, உனக்கு ஏன் குத்துகிறது என்றும் கேட்டார். செங்கோடன் வந்த வழியே போனான்.

மாசி பிறந்ததும் ஆந்தை வடக்கே போய்விட்டது. செங்கோடன் அன்று இரண்டு சட்டி சோறு தின்றான் என்று பூவாயி சொன்னாள். மறு மார்கழியில் திரும்பி வந்தது. இந்த முறை ஜோடியோடு வந்தது. அடுத்த மார்கழியில் குஞ்சுகளோடு வந்தது. நான்காம் வருஷம் பூவரச மரத்தில் ஏழு உட்கார்ந்திருந்தன. ஏழும் ஒரே நேரத்தில் கூப்பிட்டன.

புருஷனிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பூவாயிக்கு வாய் வலித்தது. கொடுத்தால் இத்தனை நாள் வைத்திருந்தது தெரிந்துவிடுமே என்றான் செங்கோடன். கொடுக்காததால் ஊருக்கே தெரிந்திருக்கிறது என்றாள் அவள். அது வேறு, இது வேறு என்றான். அவன் அப்படிப்பட்ட ஆள். முதலிலேயே சொன்னேன் அல்லவா?

ராஜாவின் பன்னிரண்டு கதவும் ஒருவழியாக முடிந்தன. மழுங்கிய ரம்பத்தில் அறுத்தது. அதனால் இன்றுவரை அந்தக் களஞ்சியக் கதவு ஒன்றுகூட நேராகச் சாத்துவதில்லை என்று சொல்கிறார்கள். உள்ளே எலி புகுந்தது. எலியைத் தின்ன அந்த ஆந்தைகள் புகுந்தன. ராஜா அதற்காக அவற்றுக்கு நன்றி சொன்னார். யாரால் எலி வந்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நியாயம் தன் பக்கம் இருக்கிறவன் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும், தெரியாததையும் சேர்த்துச் சத்தியம் செய்தால் தெரிந்ததும் கைவிட்டுப் போகும்.

ஒண்டியப்பன் தோற்றது அவனுடைய அவசரத்தால்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவன் வாங்கியவன்தான். மார்கழி வந்தால் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அரம் இன்னும் வந்து சேரவில்லை.